கைக்கு அடக்கமான போன்: புதுசா, பழசா, பெரியதோடு சமாளிப்பதா?

இந்த இரண்டு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். இங்கே மும்பையில், மாதுங்காவில் இருக்கும் சித்திக்குக் கையில் நிற்கிற மாதிரி ஒரு போன் வேண்டும். ஆபீஸில் என் பக்கத்து மேசைப் பெண்ணுக்கு, குர்த்தா பாக்கெட்டில் போட்டால் பாதி வெளியே எட்டிப் பார்க்காத போன் வேண்டும். அந்தேரியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தோழியின் தம்பிக்குச் சின்னதாகவும் இருக்க வேண்டும், கேமராவும் நன்றாக இருக்க வேண்டும். மூவரும் ஒதுக்கியிருந்த பணம் இருபதிலிருந்து முப்பதாயிரத்துக்குள். மூவரும் கடைக்குப் போய், வரிசையாக அடுக்கியிருந்த ஆறே முக்கால் அங்குலப் போன்களைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள்.

மூவருக்கும் நான் மூன்று வெவ்வேறு போன்களைச் சொன்னேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் ரயில். டோம்பிவிலியில் ஏறினால் மும்பையின் கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டி வரை ஒன்றேகால் மணி நேரம். காலையில் உட்கார இடம் கிடைக்கிற நாள் மாதத்துக்கு நாலைந்து இருந்தால் அதிகம். ஒரு கை மேலே கைப்பிடியில், தோளில் பை, மிச்சம் ஒரு கை. அந்தக் கையில் 200 கிராம் போனைச் சுண்டுவிரல் மேல் நிறுத்தி, கட்டைவிரலைத் திரையின் மேல் மூலை வரை நீட்டி நீட்டி, இரண்டு வருடத்தில் கட்டைவிரலின் அடியில் ஒரு வலி வந்து தங்கிவிட்டது. எலும்பு டாக்டர் கையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, "போனை எந்தக் கையில் பிடிப்பீங்க?" என்றுதான் கேட்டார். அன்றைக்குத்தான் போனின் அளவை உடம்பு சம்பந்தப்பட்ட விஷயமாக யோசிக்க ஆரம்பித்தேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

அகலமும் எடையும். கடைக்காரர்கள் சொல்லும் அங்குலக் கணக்கு திரையின் குறுக்குக்கோட்டு அளவு. அது கைக்கு எதையும் சொல்லாது. 2011-இல் சாம்சங்கின் முதல் கேலக்ஸி நோட் வந்தபோது அதன் திரை 5.3 அங்குலம், இவ்வளவு பெரிய போனா என்று எல்லோரும் வியந்தார்கள். பத்து வருடம் கழித்து வந்த ஐபோன் 13 மினியின் திரை 5.4 அங்குலம், அதற்குப் பெயரே மினி. நோட்டின் அகலம் கிட்டத்தட்ட 83 மில்லிமீட்டர், மினியின் அகலம் 64.2. இடைப்பட்ட காலத்தில் திரைகள் நீளவாக்கில் வளர்ந்துவிட்டன, ஓரப் பட்டைகள் கரைந்துவிட்டன. அதனால் 6.1 அங்குலப் போன் ஒன்று, பழைய 5.5 அங்குலப் போனைவிட ஒல்லியாக இருப்பது சாதாரணம். போனின் விவரப் பக்கத்தில் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று தேடுங்கள். என் கையில் 72-க்குக் கீழே என்றால் ஒரு கையில் ஓட்டிவிடலாம். 75-ஐத் தாண்டினால் இரண்டாவது கை வேண்டும்.

கடைக்குப் போகாமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஏடிஎம் கார்டின் சின்னப் பக்கம் 54 மில்லிமீட்டர். அதோடு ஒரு சென்டிமீட்டர் சேர்த்தால் ஐபோன் மினியின் அகலம். ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர் சேர்த்தால் கேலக்ஸி எஸ்23. இரண்டரை சென்டிமீட்டர் சேர்த்தால் இன்று கடையில் நிற்கும் மலிவு விலைப் போன்கள். ஒரு பழைய அட்டைப்பெட்டியில் அந்த அளவுக்கு வெட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். சித்திக்கு நான் அப்படித்தான் வெட்டிக் கொடுத்தேன்.

மாலை ஏழு மணிக்கு பேட்டரி. சின்னப் போன் என்றால் சின்னப் பேட்டரி. அதைத் தாண்ட முடியாது. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சின்னப் பேட்டரி சீக்கிரம் கிழடாகவும் செய்யும். 5,000 எம்ஏஎச் பேட்டரியை ஒரு நாளில் பாதிதான் காலி செய்வீர்கள். அதே வேலைக்கு 2,400 எம்ஏஎச் பேட்டரி முழுதாகக் காலியாகி மறுபடி ஏற வேண்டும். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி, 500 முழுச் சுற்றுகள் ஓடியபின் முதலில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும்படி செய்யப்பட்டது என்று ஆப்பிளே சொல்கிறது. தினம் ஒரு சுற்று என்றால் ஒன்றரை வருடம்கூட ஆகாது.

"பவர் பேங்க் வைத்துக்கொண்டால் போகிறது" என்பார்கள். என் பத்தாயிரம் எம்ஏஎச் பவர் பேங்க் 200 கிராமுக்கு மேல். 140 கிராம் போனுக்குத் துணையாக அதையும் தூக்கினால், தோளுக்கு என்ன மிச்சம்?

இன்னும் எத்தனை வருடம் அப்டேட் வரும். நம் சம்பளம், வாடகை, காய்கறி, ரயில் பாஸ் எல்லாமே போனுக்குள் வந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் வங்கி ஆப் வைத்திருப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பழைய போன் வாங்கும்போது விலையை மிச்சமிருக்கும் வருடங்களால் வகுத்துப் பாருங்கள். பதினைந்தாயிரம் கொடுத்து ஒரு வருடம் ஓடும் போன், இருபத்தைந்தாயிரம் கொடுத்து நான்கு வருடம் ஓடும் போனைவிட விலை கூடியது.

தமிழ். இதை எந்த விமர்சனத்திலும் நான் பார்த்ததில்லை, ஆனால் நமக்கு இது முக்கியம். தமிழ்ச் சொற்கள் நீளம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி வைத்தால் சின்னத் திரையில் ஒரு வரிக்கு இரண்டு, மூன்று சொற்கள்தான் வரும். செய்தி படிக்கும்போது விரல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எழுதுவதும் அப்படித்தான். தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் மேல் வரிசையிலேயே பன்னிரண்டு எழுத்துகள். அதை அப்படியே மினியின் திரையில் பரப்பினால் ஓர் எழுத்துக்கு ஐந்து மில்லிமீட்டர்கூட வராது.

அப்புறம் மறைந்திருக்கும் செலவுகள்: சார்ஜர், கேபிள், உறை, பழைய போனுக்கு மாற்று பேட்டரி, இரண்டாவது சிம்முக்கு இடம். இவற்றை ஒவ்வொரு போனோடும் சேர்த்துச் சொல்கிறேன்.

| போன் | வந்த ஆண்டு | திரை (அங்குலம்) | அகலம் (மி.மீ.) | எடை (கிராம்) | பேட்டரி (எம்ஏஎச்) | 5ஜி |
|---|---|---|---|---|---|---|
| ஐபோன் 13 மினி | 2021 | 5.4 | 64.2 | சுமார் 140 | சுமார் 2,400 | உண்டு |
| ஐபோன் எஸ்இ, மூன்றாம் தலைமுறை | 2022 | 4.7 | 67.3 | 144 | சுமார் 2,000 | உண்டு |
| பிக்சல் 4ஏ | 2020 | 5.8 | 69.4 | 143 | 3,140 | இல்லை |
| கேலக்ஸி எஸ்23 | 2023 | 6.1 | 70.9 | 168 | 3,900 | உண்டு |
| மோட்டோரோலா எட்ஜ் 50 நியோ | 2024 | 6.4 | 71.2 | 171 | 4,310 | உண்டு |
| ரெட்மி 13சி, 4ஜி (ஒப்பிட) | 2023 | 6.74 | 78 | 192 | 5,000 | இல்லை |

## பழைய ஐபோன் 13 மினி

நான் வைத்திருப்பது இது. ஒருவர் பயன்படுத்திய போனாக வாங்கினேன். புதிதாக வந்தபோது இதன் விலை 69,900; இப்போது பழைய போன் சந்தையில் மெமரியையும் நிலையையும் பொறுத்து நம் பட்ஜெட்டுக்குள் வந்துவிடும்.

முதல் நாள் கையில் எடுத்தபோது கை காலியாக இருப்பது போல ஒரு உணர்வு. ரயிலில் இரண்டு முறை பையைத் திறந்து, போன் இருக்கிறதா என்று பார்த்தேன். தட்டச்சு செய்தது எல்லாம் பிழை. "வரேன்" என்று அடித்தால் வேறெதோ வந்தது. மூன்றாம் நாள் விரல் பழகிவிட்டது. அந்த வாரக் கடைசியில், தாதரில் கூட்டம் ஏறும்போது, இடது கையால் கம்பியைப் பிடித்தபடியே வலது கைக் கட்டைவிரலால் மட்டும் ஒரு நீளமான செய்திக்குப் பதில் எழுதி அனுப்பினேன். திரையின் எல்லா மூலையும் எட்டியது. கட்டைவிரல் வலி ஒரு மாதத்தில் பெரிதும் குறைந்தது. பழைய பெரிய போனை இப்போது எடுத்தால் தட்டைப் பிடித்திருப்பது போல இருக்கிறது.

பேட்டரிதான் கஷ்டம். வாங்கும்போது பேட்டரி ஆரோக்கியம் 84 சதவீதம் காட்டியது. காலை ஏழு மணிக்கு முழுதாக ஏற்றிக் கிளம்பினால், மாலை ஐந்தரைக்கு இருபது சதவீதம். ரயிலில் ஏறியதும் பாட்டைக்கூட நிறுத்திவிட்டுப் போகிற நாட்கள் இருந்தன. ஒருநாள் முலுண்டு தாண்டியதும் அணைந்தேவிட்டது. அன்றைக்கு வண்டி தாமதம், வீட்டில் பயந்துபோனார்கள். அந்த வாரமே அதிகாரப்பூர்வ சர்வீஸ் மையத்தில் புது பேட்டரி போட்டேன். அதன் பிறகு, மதியம் ஆபீஸில் அரை மணி நேரம் சார்ஜில் வைத்தால் வீடு வரை கவலையில்லை. ஆகவே பழைய மினியின் விலையோடு ஒரு பேட்டரியின் விலையையும் முதலிலேயே கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று சிம். இந்தியாவில் விற்ற மினியில் ஒரு சிம் அட்டைக்குத்தான் இடம். இரண்டாவது, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற இ-சிம்மாக இருக்க வேண்டும். பம்பாய்க்கு வந்த நம்மில் பாதிப்பேர் ஊர் நம்பரை விடாமல் வைத்திருப்பவர்கள். வங்கிக் கணக்கும் ஆதாரும் அந்த நம்பரில்தான் இருக்கும். வாங்குவதற்கு முன்பே உங்கள் நிறுவனத்தில் இ-சிம் மாற்றம் எப்படி என்று விசாரித்து விடுங்கள். சார்ஜிங் வாயும் பழைய லைட்னிங் வகை, வீட்டில் மற்றவர்களின் டைப்-சி கேபிள் இதற்குச் சேராது.

தாராவி தொண்ணூறடி ரோட்டில் திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருவர் போன் பழுது பார்க்கிறார். மினியை அவரிடம் காட்டினேன்.

"அக்கா, போன் நல்ல போனுதான். ஆனா கீழ போட்டுராதீங்க. பெரிய மாடல்னா டிஸ்ப்ளே இப்பவே எடுத்து மாட்டித் தாரேன். மினிக்குச் சொல்லிவிட்டுத்தான் வரவழைக்கணும்."

"வேற யாராவது மாத்தின டிஸ்ப்ளேன்னா வாங்கும்போது தெரியுமா தம்பி?"

"செட்டிங்ஸ்ல ஜெனரல், அபவுட் போயிப் பாருங்க. கம்பெனி பார்ட் இல்லன்னா அதுவே காட்டிக் குடுத்துரும்."

அப்டேட் விஷயத்தில் இன்னும் பயமில்லை. 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26 இதற்கும் கிடைத்தது. இரண்டு, மூன்று வருடம் தாராளமாக ஓடும் என்று நினைக்கிறேன். தமிழ் விசைப்பலகை ஐபோனில் 2013-இல் வந்த ஐஓஎஸ் 7-இலிருந்தே இருக்கிறது, ஒலிப்பின்படி ஆங்கில எழுத்துகளில் அடிக்கும் அஞ்சல் முறையும் தமிழ்99-ம் இரண்டும். சின்னத் திரையில் அஞ்சல்தான் கைகொடுக்கும்.

இதற்கு முந்தைய 12 மினி இன்னும் மலிவாகக் கிடைக்கும். வீடியோ ஓடும் நேரமாக 13 மினிக்கு ஆப்பிள் சொன்னது 17 மணி, 12 மினிக்கு 15. புதிதாக இருந்தபோதே அந்த நிலை என்றால் இப்போது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மினி யாருக்கு: பகலில் சார்ஜர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், போனில் படம் பார்க்காதவர்கள், கை வலி உள்ளவர்கள். என் பக்கத்து மேசைப் பெண்ணுக்கு இதையே சொன்னேன். அவர் வீடு பைகுல்லாவில், பத்து நிமிஷப் பயணம், பேட்டரி அவரைக் கைவிடாது.

## பழைய ஐபோன் எஸ்இ

மூன்றாம் தலைமுறை எஸ்இ 2022-இல் வந்தது. உள்ளே 13 மினியில் உள்ள அதே ஏ15 சிப். ஆனால் உடல் பழைய ஐபோன் 8-இன் உடல்: மேலும் கீழும் பெரிய பட்டை, நடுவில் 4.7 அங்குலத் திரை. மினியைவிட அகலம் அதிகம், திரை குறைவு, பேட்டரியும் குறைவு. தமிழ் எழுத்தைப் பெரிதாக்கினால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்திக்கே திரை நிறைந்துவிடும். 2025 தொடக்கத்தில் ஆப்பிள் எஸ்இ-ஐ நிறுத்திவிட்டு 6.1 அங்குல 16இ-ஐக் கொண்டுவந்தது.

விரல் வைத்துத் திறக்கும் வட்டப் பொத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு மட்டும் இது. முகம் காட்டித் திறப்பது பிடிக்காத பெரியவர்கள் சிலர் அப்படி இருக்கிறார்கள்.

## பழைய பிக்சல் 4ஏ

மூன்று வருடம் என்னிடம் இருந்த கூகுள் போன் இது. மனதுக்கு மிகவும் பிடித்த போனும் இதுதான். 143 கிராம், ஹெட்போன் குழி, இரவில்கூட நன்றாக எடுக்கும் கேமரா. 2020 அக்டோபரில் 31,999-க்கு இங்கே வந்தது. குறைந்த விலையில் கைக்கு அடக்கமான போன் சாத்தியம் என்று எனக்குக் காட்டியது அதுதான். அதன் பின்னால் வந்த ஏ வரிசைப் போன்கள் எல்லாம் அதைவிடப் பெரியவை: 2024-இல் வந்த 8ஏ 188 கிராம்.

ஆனால் இப்போது வாங்காதீர்கள். வழக்கமான அப்டேட்டுகள் 2023-இல் முடிந்துவிட்டன. 2025 ஜனவரியில் பேட்டரிப் பாதுகாப்புக்காக கூகுள் அனுப்பிய ஒரு மாற்றம், பல போன்களில் பேட்டரியின் பயன்படும் அளவையே குறைத்துவிட்டது. 5ஜி இல்லை. தண்ணீர்ப் பாதுகாப்பும் இல்லை, ஜூலை மாத மும்பையில் அது சின்ன விஷயமல்ல. பழைய போன் கடைகளில் மிகக் குறைந்த விலையில் கண்ணில் படும். பாட்டு கேட்கவும் படம் எடுக்கவும் இரண்டாவது போனாக வைத்துக்கொள்ளலாம். வங்கி ஆப் வேண்டாம்.

## பழைய கேலக்ஸி எஸ்23

அந்தேரித் தம்பிக்குச் சொன்னது இதை. 2023 பிப்ரவரியில் 74,999 விலையில் வந்த போன். அகலம் 70.9, எடை 168. பேண்ட் பாக்கெட்டில் இருப்பதே தெரியாது என்று சொல்ல முடியாது, ஆனால் உட்கார்ந்தால் குத்தாது. மூன்று கேமராவில் ஒன்று மூன்று மடங்கு அருகே கொண்டுவரும் டெலிபோட்டோ. பேட்டரி 3,900, எண்ணிக்கையாகப் பார்த்தால் சுமார்தான், ஆனால் உள்ளிருக்கும் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2 மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவு செய்கிற சிப். தோழி வீட்டில் இரண்டு நாள் வாங்கி வைத்துப் பார்த்தேன். டோம்பிவிலிக்குத் திரும்பி வந்தும் 30 சதவீதம் மிச்சம் இருந்தது. இந்தியாவில் விற்ற மாடலில் இரண்டு சிம் அட்டை போடலாம், ஊர் நம்பர் கவலை இல்லை.

வந்த நாளிலிருந்து ஐந்து வருடப் பாதுகாப்பு அப்டேட் என்று சாம்சங் அறிவித்திருந்தது. அதாவது 2028 தொடக்கம் வரை. இதற்கு அடுத்த எஸ்24-க்கு ஏழு வருடம், 2031 வரை. கையளவு கிட்டத்தட்ட அதேதான். அது உங்கள் பட்ஜெட்டுக்குள் விழுந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: முன்னும் பின்னும் கண்ணாடி, வழுக்கும், உறை இல்லாமல் வைத்திருக்க முடியாது. உறை போட்டால் இருபது, முப்பது கிராமும் இரண்டு, மூன்று மில்லிமீட்டரும் கூடிவிடும். ஏடிஎம் கார்டுக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் சார்ஜர் புதிதாக விற்றபோதே கிடையாது. பழைய அமோலெட் திரை என்பதால் பச்சைக் கோடு விழுகிறதா, வெள்ளைப் பின்னணியில் கீபோர்டின் நிழல் பதிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். திரை மாற்றும் செலவு, நீங்கள் கொடுத்த விலையின் பெரிய பங்கைத் தின்றுவிடும்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்23-க்கும் 13 மினிக்கும் ஐபி68 சான்று உண்டு. ஒருமுறை திறந்து பழுது பார்த்த போனில் அந்த ஒட்டு அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். பழைய போன் எதுவானாலும் மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையோடுதான் போக வேண்டும்.

## புது மோட்டோரோலா எட்ஜ் 50 நியோ

"பழைய போன் வேண்டாம், யார் பயன்படுத்தியதோ" என்று சித்தி தெளிவாகச் சொல்லிவிட்டார். அறுபது வயதில் கடை கடையாகப் போய் பேட்டரி ஆரோக்கியம் பார்க்க அவரால் முடியாது; அவர் சொன்னது நியாயம். புதிதாக, பில்லோடு, வாரண்டியோடு, ஒல்லியாக, இந்த விலையில் எது இருக்கிறது என்று தேடினால் மிகச் சில பெயர்களே வருகின்றன. அதில் இது ஒன்று. 2024 செப்டம்பரில் 23,999-க்கு வந்தது.

6.4 அங்குலம் என்றதும் பயந்துவிட வேண்டாம். அகலம் 71.2 தான், எஸ்23-ஐவிட ஒரு கடுகளவு அதிகம். நீளம் 154, உயரமாக, ஒல்லியாக இருக்கும். அந்த நீளம் சித்திக்கு உதவியாகத்தான் இருக்கிறது: எழுத்தைப் பெரிதாக்கியும் தினமும் படிக்கும் தமிழ்ச் செய்திகள் ஒரு திரைக்குப் போதுமான அளவு வருகின்றன. ஆனால் மேல் மூலைக்குக் கட்டைவிரல் எட்டாது. அறிவிப்புகளைக் கீழே இழுக்க ஒற்றைக்கை வசதியைப் போட்டுக்கொடுத்தேன். பின்பக்கம் தோல் போன்ற பூச்சு, வழுக்குவதில்லை. உறை இல்லாமலே வைத்திருக்கிறார், அதனால் 171 கிராம் 171 கிராமாகவே இருக்கிறது. இந்த ஒரு காரணத்தால் உறை போட்ட எஸ்23-ஐவிட இது கையில் லேசாகப் படுகிறது.

ஐபி68 இருக்கிறது, புதிது என்பதால் அதை நம்பலாம். மூன்று மடங்கு டெலிபோட்டோ, வயர் இல்லாத சார்ஜிங், 68 வாட் வேக சார்ஜிங். ஐந்து வருட அப்டேட் அறிவித்திருக்கிறார்கள். குறை, அதன் டைமென்சிட்டி 7300 நடுத்தரமான சிப். கனமான விளையாட்டுகள் ஆடுகிறவர்களுக்கும், நான்கு வருடம் கழித்தும் வேகம் குறையக்கூடாது என்பவர்களுக்கும் எஸ்23 மேல். சித்தி ஆடுவது சொல் விளையாட்டு மட்டும்.

எனக்கு இன்று மறுபடி வாங்க வேண்டுமென்றால்? மினியை என்னால் விட முடியாது, கட்டைவிரல் விடாது. ஆனால் யாராவது எதுவும் சொல்லாமல் பொதுவாக "ஒரு சின்னப் போன் சொல்லுங்கள்" என்று கேட்டால் இந்த மோட்டோரோலாவைத்தான் முதலில் சொல்வேன். ரயிலில் ஒரு கையால் ஓட்ட முடிகிறது, இரவு வரை பேட்டரி நிற்கிறது, யாரையும் நம்ப வேண்டியதில்லை.

## பெரிய போனோடு சமாளிப்பது

இதையும் நியாயமாக எடைபோட வேண்டும். பத்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் புதிதாகக் கைக்கு அடக்கமான போன் கிடையாது. ரெட்மி 5ஏ காலம் போய்விட்டது. 2017-இல் 4,999 ரூபாயில் ஐந்து அங்குலப் போன் ஒன்று 137 கிராமில் கிடைத்தது. இப்போது மலிவு விலை வரிசையில் பெரும்பாலானவை 78 மில்லிமீட்டரை ஒட்டிய அகலம். காரணமும் புரிகிறது: நிறைய வீடுகளில் போன்தான் டிவி, போன்தான் பிள்ளைகளின் பாடப்புத்தகம். திருநெல்வேலியில் இருக்கும் என் அப்பாவுக்கு நான் பெரிய போன்தான் வாங்கிக் கொடுத்தேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பார்க்கிறார், பேட்டரி இரண்டு நாள் வருகிறது, எழுத்து பெரிதாகத் தெரிகிறது. அவருக்கு மினியைக் கொடுத்தால் கண்ணுக்குத் தண்டனை.

பெரிய போனே வைத்திருக்கும் ரயில் பயணிகளுக்கு: ஒற்றைக்கை முறையை செட்டிங்ஸில் போட்டுவிடுங்கள், கீபோர்டைக் கட்டைவிரல் பக்கம் ஒதுக்கிவையுங்கள், நீளமான பதில்களைக் குரலால் சொல்லி எழுதவிடுங்கள். தமிழைக் கூகுள் கீபோர்டு நன்றாகவே கேட்டு எழுதுகிறது. பின்னால் ஒட்டும் வளையம் சுண்டுவிரலின் பாரத்தைக் குறைக்கும். நான் இரண்டு வருடம் இப்படி ஓட்டியிருக்கிறேன். கை வலி வராதவர்களுக்கு இது போதும், புதுப் போனுக்கான பணம் மிச்சம்.

சின்னதோ பெரியதோ, வாசலோரம் நின்றுகொண்டு போனை வெளியே எடுக்காதீர்கள். தண்டவாளம் பக்கம் நின்று கையில் குச்சியால் அடித்து, விழும் போனைப் பொறுக்கிக்கொண்டு ஓடும் ஃபட்கா கும்பலுக்கு அளவு ஒரு பொருட்டல்ல. போனைக் காப்பாற்றப் போய் ரயிலிலிருந்து விழுந்தவர்கள் உண்டு.

## பழைய போன் வாங்கும் நாளில்

பகலில் போங்கள், ஒரு சார்ஜரும் ஹெட்போனும் எடுத்துப் போங்கள், உங்கள் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு பேசிப் பாருங்கள். பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கோ கூகுள் கணக்கோ நீங்கவில்லை என்றால் அந்தப் போன் உங்கள் கையில் வெறும் செங்கல்தான். உங்கள் கண் முன்னால் முழுதாக அழித்து மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். ஐபோனில் பேட்டரி ஆரோக்கியம் 85-க்குக் கீழே என்றால் பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள்.

பிறகு முக்கியமானது. *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி சேவை இது. அதன் இணையதளத்திலும் பார்க்கலாம். திருட்டுப் போன்களின் எண்ணை நாடு முழுக்க முடக்கும் ஏற்பாடு 2019 செப்டம்பரில் தொடங்கியபோது, முதலில் வந்தது மகாராஷ்டிரத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும்தான். முடக்கப்பட்டது, போலி எண், வேறொரு இடத்தில் பயன்பாட்டில் உள்ளது என்று எது வந்தாலும் போனைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அந்தேரித் தம்பியோடு நானும் போயிருந்தேன். முதல் கடையில் காட்டிய எஸ்23 பளபளவென்று இருந்தது, நாங்கள் நினைத்ததைவிட நாலாயிரம் குறைவு. எஸ்எம்எஸ் அனுப்பினோம், முடக்கப்பட்ட எண் என்று பதில் வந்தது. கடைக்காரர் எதுவும் பேசாமல் போனை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். "அக்கா, இன்னும் நாலு கடை பார்ப்போமா?" என்றான். மூன்றாவது கடையில், பெட்டியும் பழைய பில்லும் உள்ள ஒன்று கிடைத்தது. ஓரத்தில் ஒரு கீறல், எண் சரியாக வந்தது. கீறலுக்காக ஐந்நூறு குறைத்தார்கள். அந்தப் பணத்தில் உறை வாங்கினான்.